ஸ்விட்சின் மேல் யார் கை?

ஊசியக்கா ஒரு வாரமாக ஒரு வட்டத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள் என்பது விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். லேப்டாப் திரையின் நடுவே புள்ளி புள்ளியாகச் சுற்றி வருமே, அந்த வட்டம். அதற்குக் கீழே, 'அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்' என்று ஒரு வரி. ராத்திரி அந்த வரியைப் பார்த்துவிட்டுப் படுப்பாள். காலையில் திரை இருண்டு கிடக்கும்; மறுபடி உயிர் கொடுத்தால் வேறு வரி வரும். 'அப்டேட்டை முடிக்க முடியவில்லை. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன.'

கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில் கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டார்கூட அந்த லேப்டாப்பிடம் பிச்சை வாங்க வேண்டும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஊசியக்கா என்ற பெயரை வைத்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் பிள்ளைகள். அழுகிற பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரத்தத்தை எடுத்து, பஞ்சையும் வைத்து அழுத்திவிடுவாள். வலித்ததா இல்லையா என்று பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட கைக்காரிக்கு வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்புக்குப் பரீட்சை எழுத வாய்ப்பு வந்தது. வீட்டில் இருந்தபடியே கணினியில் எழுதலாம். இன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு. இந்த வருஷத்தோடு அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுகிறாள். இன்று விட்டால் விட்டதுதான்.

பரீட்சை நடத்துகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதலில் எந்தக் கணினியைப் பதிவு செய்தோமோ அதில்தான் எழுத வேண்டும். அதில் புது அப்டேட் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் மென்பொருள் வாசல் கதவையே திறக்காது. ஊசியக்காவின் லேப்டாப்புக்கோ பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. சுவரிலிருந்து மின்சாரம் வந்தால் உயிர், நின்றால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும்.

இந்த இடத்தில்தான் மாமனார் வருகிறார். மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ஃபியூஸ் மாமா என்று கூப்பிடும். அணைத்தாகிவிட்டது என்று யாரோ சொன்ன ஸ்விட்சை நம்பிக் கம்பியில் கை வைத்த கூட்டாளி, கம்பத்திலேயே கருகிப்போனதைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எந்த அறையில் எது சும்மா ஓடினாலும் ஸ்விட்சை அணைப்பார், ப்ளக்கைப் பிடுங்குவார், வயரைச் சுருட்டி ஓரமாக வைப்பார். இந்த மூன்றும் அவருக்கு ஒரே வேலை.

"ஸ்விட்ச் பொய் சொல்லும். புடுங்கின ப்ளக் பொய் சொல்லாது" என்பார்.

மிக்சியும் அவருக்கு ஒன்றுதான், மருமகளின் லேப்டாப்பும் ஒன்றுதான். முதல் தடவை அப்டேட் பாதியில் செத்தபோது லேப்டாப்பின் வயர் வட்டமாகச் சுருட்டப்பட்டு மேசைமேல் இருந்தது. திரை கறுப்பாக இருந்ததால் சும்மா கிடக்கிறது என்று நினைத்தாராம். மனசார வருத்தப்பட்டார். இனி அந்த மேசைப் பக்கமே போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் காலையில் பார்த்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும், அப்டேட் ஏறியிருக்காது. அதுதான் இன்றைய கதை.

●

காலையில் கணவர் கிளம்பும்போது ஊசியக்கா பரீட்சைக்காரர்களின் உதவி எண்ணில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரமா முயற்சி பண்றேன் சார். பாதியில நின்னு பழையபடி ஆயிடுது. இப்ப இருக்கறதுலயே எழுத விடுங்களேன்."

"புதுப்பிக்காத கணினியில் மென்பொருள் திறக்காது மேடம்."

"திறக்காதுன்னு தெரியும் சார். அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

"மூணு மணிக்கு முன்னாடி புதுப்பிச்சிடுங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

செய்த உதவியே ஏழு தலைமுறைக்குத் தாங்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. போனை வைத்துவிட்டாள்.

கணவர் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். மாஸ்டர் என்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மாணவன் சுவரில் கொண்டுபோய் வண்டியை முட்டினாலும், "பரவால்ல, இப்ப மெதுவா ரிவர்ஸ் எடுங்க" என்பாரே தவிர குரலை உயர்த்த மாட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் ஊசியக்கா கட்டிக்கொண்டாள். பரீட்சை எழுதப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றும் அவர் குரல் உயரவில்லை. "எழுதும்மா. பாஸானா அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூலைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போக முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பேட்டரி என்னங்க ஆச்சு? உங்க தங்கச்சி என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

மாஸ்டரின் தங்கை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறாள்.

"இந்த மாடலுக்குக் கெடைக்கறதே கஷ்டமாம். நானும் தெனம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நானே ஒரு வார்த்தை பேசிப் பாக்கவா?"

"இன்னைக்கு ஏதோ ஆபீஸ்ல சர்வர் ரூமுக்குள்ள வேலையாம். போனை வெளியவே வாங்கி வெச்சுக்குவாங்க. அவளை நான் பாத்துக்கறேன், நீ படி." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நடந்தா நடக்குது, இல்லன்னா போகுது. பரீட்சைக்காக உயிரை விட முடியுமா?"

"எனக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லைங்க."

"தெரியும்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நேற்றே அவள் லேப்டாப்பில் இடத்தைக் காலி பண்ணி வைத்திருந்தாள். வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் வீடியோக்களை மாஸ்டர் மலைபோல் ஏற்றி வைத்திருந்தார். எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு மாற்றியாகிவிட்டது. இனி இடமில்லை என்று அந்த லேப்டாப் சாக்குச் சொல்ல முடியாது. அப்டேட்டைத் தட்டிவிட்டு, பக்கத்திலேயே பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

இருபது சதவீதம். முப்பது. நடுவில் ஒருமுறை அசையாமல் நின்று, மறுபடி நகர்ந்தது. எழுபதைத் தாண்டியபோது அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்ததும் மழையும் வந்தது.

மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பரீட்சைக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த நல்ல சட்டையும் அங்கேதான். ஓடினாள். அள்ளினாள். படியிறங்கும்போதே வாசலில் டிரைவிங் ஸ்கூல் காரின் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

அறைக்குள் மாமா நின்றுகொண்டிருந்தார். மேசைக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஸ்விட்சையே பார்த்தபடி.

திரை இருட்டாக இருந்தது.

ஊசியக்கா துணியைக் கீழே போட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அதன் கீழே அந்தப் பாழாய்ப்போன வரி வந்தது. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன.

"என்ன மாமா இது?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "எத்தனை தடவை சொல்றது? இன்னைக்கு ஒரு நாள் இந்தக் கையைச் சும்மா வெச்சிருக்கக் கூடாதா?"

மாமா ஸ்விட்சிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"நான் போகக் கூடாதுன்னு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. கூடவே இருந்து கழுத்தை அறுக்காதீங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை அவள். மாமியார் போன பிறகு அந்த மனுஷனின் மாத்திரை, கண்ணாடி, பிடிவாதம் எல்லாமே அவள் பொறுப்பில்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று சும்மாவா சொன்னார்கள். கொட்டிவிட்டாள்.

கூடத்திலிருந்து மாஸ்டர் தண்ணீர்ச் சொம்போடு எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்? எல் போர்டு ஒண்ணு உடைஞ்சுபோச்சு, வேற எடுக்கலாம்னு வந்தேன்." திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மறுபடியுமா? விடும்மா. வயசானவரு, வேணும்னா பண்ணாரு? அப்பா, நீங்க போய்ப் படுங்க."

மாமா மகனைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தால் ஏதாவது பேச வேண்டும். ஆனால் அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இனிமே நடக்காதும்மா" என்றார்.

●

படுக்கப் போகவில்லை அவர். கூடத்தில் இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, ப்ளக் பாயிண்டை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லேப்டாப் பழைய நிலைக்குத் திரும்பவே ஒரு பாடு நேரம் எடுத்துக்கொண்டது. ஊசியக்கா மறுபடி முதலிலிருந்து தட்டிவிட்டாள். மூன்று மணிக்குள் முடிந்தால் உண்டு. புத்தகத்தில் எழுத்து ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

மாஸ்டர் கிளாஸுக்குத் திரும்பவில்லை. மழையென்று சொல்லி மாணவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அப்பா, வாங்க, சாப்பிடலாம்."

"பசிக்கல."

"மாத்திரை போடணும்ல?"

"எடுத்துட்டு வா. இங்கயே போட்டுக்கறேன்."

"நான் பாத்துக்கறேன்ப்பா, நீங்க எழுந்திருங்க."

"நான் இருக்கேன்" என்றார் மாமா.

திட்டு வாங்கிய ரோஷம் என்று ஊசியக்கா நினைத்தாள். செய்ததற்குப் பிராயச்சித்தம் போலிருக்கிறது என்றும் நினைத்தாள். கோபம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் சங்கடம் ஏறியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கண் திரையிலேயே கிடந்தது.

தொண்ணூற்றொன்றில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள், தொண்ணூற்றொன்று. முகம் கழுவிக்கொண்டு வந்தாள், தொண்ணூற்றொன்று. ஆணியடித்தது போல் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். 

"மாமா, நகரவே இல்ல."

"கம்பத்துல வேலை நடக்கும்போது கீழ நின்னு கத்தினா சீக்கிரம் முடியுமா?" என்றார் மாமா. "கரன்ட் வருது. வேலை நடக்குது. விடு."

திரை கறுத்தது. ஊசியக்கா மூச்சை நிறுத்தினாள். லேப்டாப் தானாக எழுந்து, மறுபடி ஒருமுறை தானாகப் படுத்து எழுந்தது. அப்புறம் நீலமாக விரிந்தது. மூலையில் ஒரு சின்ன வரி, இந்த வாரம் முழுக்க அவள் பார்க்காத வரி. 'உங்கள் கணினி புதுப்பிக்கப்பட்டுவிட்டது.'

பரீட்சை மென்பொருளைத் தட்டினாள். கதவு திறந்தது. மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கும், காத்திருக்கவும் என்றது. பத்து நிமிஷம்கூட இல்லை.

திரையிலிருந்த அந்த வரியை ஒருமுறை தொட்டுப் பார்த்தது அவள் கை. ஒற்றைச் சொட்டுச் சிந்தாமல் ரத்தம் எடுக்கிற கை.

"வந்துடுச்சு மாமா."

"ம்" என்றார் அவர். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் அவளுடைய போன் சார்ஜர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நடந்து போய் ஸ்விட்சை அணைத்தார். ப்ளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். தன் கை என்ன செய்தது என்றுகூட அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஊசியக்கா கவனித்தாள்.

காலையில் அவள் ஸ்விட்சைப் போட்டதும் அடாப்டரில் விளக்கு எரிந்ததே. ப்ளக்கை அவள் சொருகவில்லையே. ப்ளக் சுவரிலேயே இருந்தது. வயர் சுருட்டப்படவில்லை.

இரண்டாம் நாள்? மூன்றாம் நாள்? அப்போதும் ஸ்விட்ச் மட்டும்தான். முதல் நாள் தவிர மற்ற எந்த நாளிலும் வயர் மேசைமேல் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, இப்பதான் வெளிய வந்தேன். பரீட்சைக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிடலாம்னு. நல்லா எழுதுங்க, என்ன?"

"சரிம்மா."

"புது பேட்டரி எப்படி நிக்குது? போன வாரமே அண்ணன்கிட்ட குடுத்துவிட்டேன், போட்டாச்சான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. அது ரெண்டு மணி நேரம் தாராளமா தாங்கும். கரன்ட் போனாக்கூட நீங்க கவலையே படாதீங்க."

"நல்லா நிக்குதும்மா" என்றாள் ஊசியக்கா.  போனை வைத்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கூடத்தில் மாஸ்டரின் செருப்பு இல்லாத காலடிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அந்த நடையை அவள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லிவிடுவாள். பயந்த நடை. இந்த ஒரு வாரமாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது. வேண்டாம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். எழுதும்மா என்று வாயால் சொல்லிவிட்டுக் கையால் அணைத்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க பாத்தீங்க" என்றாள் மெதுவாக.

மாமா நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாமா சொல்லல? நான் அவ்வளவு பேசினேனே."

"சொல்லியிருந்தா சண்டை நடந்திருக்கும். பரீட்சை நடந்திருக்காது." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பேர் ஏற்கெனவே கெட்ட பேருதானம்மா. அதுல இன்னும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆயிடப்போகுது."

ஊசியக்காவுக்கு அவர் காலில் விழுந்தால்கூடத் தகும் என்று இருந்தது. நேரமில்லை.

கதவு திறந்தது. மாஸ்டர் சிரித்த முகமாக நின்றார். "ஏறிடுச்சா? அட. போனைக் குடு, உள்ள வெச்சுக்கக் கூடாதில்ல. நான் வெளியவே உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா வராம பாத்துக்கறேன்."

வேலியே பயிருக்குக் காவல் இருக்கிறேன் என்றது.

பேட்டரி எங்கே என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு நொடி. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அவள் மனசு நிற்குமா? அந்தக் கேள்வியை விழுங்கினாள். 

போனை எடுத்தாள். நீட்டியிருந்த கணவரின் கையைத் தாண்டி, மாமாவின் கையில் வைத்தாள்.

"மாமா, வெளிய நடையில கரன்ட் மெயின் பெட்டி இருக்கில்ல, அதுக்குக் கீழ நாற்காலியைப் போட்டு உக்காருங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

மாஸ்டரின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே வற்றியது. "அப்பாவையா? ஸ்விட்ச் பக்கத்துல அப்பாவையா உக்கார வெக்கற?"

"ஆமாங்க" என்றாள். "அவர் கையை எனக்குத் தெரியும்."

மாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரை இடித்துக்கொண்டு போனார். ஊசியக்கா கதவைச் சாத்தினாள்.

மென்பொருள் அவள் முகத்தைப் பார்த்தது, அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது, அப்புறம் விதியைச் சொன்னது. திரையிலிருந்து பார்வையை விலக்கக் கூடாது. இருக்கையை விட்டு எழக் கூடாது. மீறினால் தேர்வு பூட்டப்படும், மீண்டும் திறக்காது.

மூன்று மணி. முதல் கேள்வி வந்தது. எடுத்த ரத்தம் பரிசோதனைக்கு முன்பே கெட்டுப்போவது எதனால் என்று கேட்டிருந்தார்கள். நான்கு விடைகள். அவளுக்குத் தெரிந்த கேள்விதான். மவுஸின் மேல் கையை வைத்தாள்.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. போவதும் வருவதுமாக இல்லை இப்போது. வந்து நின்றது.

"நகருங்கப்பா." மாஸ்டரின் குரல். உயரவில்லை.

நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. அப்புறம் மெயின் பெட்டியின் தகரக் கதவு திறக்கும் சத்தம். அந்தச் சத்தம் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"கையை எடுடா" என்றார் மாமா.

ஊசியக்காவின் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரையின் பக்கமே பிடித்து வைத்தாள். சரியான விடையைத் தட்டினாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது கேள்விக்குப் போனாள்.